உத்தேசக் கப்பலில் ஐம்பத்திரண்டு கிலோ

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. அவன் எழுந்தான். பல் தேய்த்தான். வெந்நீர் வைத்துத் தேயிலை போட்டு, சமையல் மேடையருகே நின்றபடியே குடித்தான். முகம் மழித்தான். முந்தின நாள் இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையை மாட்டினான். ஆறரைக்குக் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது.

“அன்புள்ள பயணி அம்மையீர், தங்கள் சாகசப் பயணத்துக்கு இன்னும் 214 நாட்களே உள்ளன. உற்சாகத்துடன் காத்திருங்கள். இப்படிக்கு, தொலைகரைச் சிறுகப்பல் சாகசப் பயணத் திட்டமிடல் வாரியம்.”

நேற்று 213. முந்தாநாள் 212. வாரியத்தின் காலண்டரில் நாள் ஏறுமே தவிர இறங்காது.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. மூன்று வருடத்துக்கு முன் அவன் மனைவி இந்தப் பயணத்துக்குப் பதிவு செய்தபோது எண் தொண்ணூறில் நின்றது. பிறகு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஒருமுறை மளமளவென்று பன்னிரண்டு வரை வந்துவிட்டது. அன்று அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். மறுநாள் காலை பதின்மூன்று என்றது. பெட்டி பரணுக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு எண் இறங்கவே இல்லை. அவள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. செய்தி மட்டும் ஒருநாள் தவறாமல் வருகிறது.

பதிவு அவள் பெயரில். இணைப்பயணியாக அவனையும் சேர்த்து, அவனுடைய கைபேசி எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். “என் போன்ல ஏற்கெனவே குப்பை ஜாஸ்தி. உன்னோடது சும்மாதானே கெடக்கு,” என்று காரணம் சொன்னாள். அவள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். சாலையே போகாத ஒரு கரையில், செங்குத்துப் பாறைகளில் வந்து அடையும் கடல்பறவைகளைப் பற்றி எங்கோ படித்துவிட்டாள். “கூடே கட்டாதாம். வெறும் பாறையிலயே முட்டை போடுதாம். நம்ம குடித்தனம் மாதிரி,” என்றாள். பன்னிரண்டு பேர் மட்டும் போகும் சின்னக் கப்பல். ஒன்பது நாள். அவளுக்கு அது போதும்.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் “இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?” என்று கேட்பான். அவனிடம் அப்படி யாரும் கேட்பதில்லை. அது அவனுக்கு வசதியாக இருந்தது.

வாரியத்தின் எண்ணைத் தடை செய்து பார்த்தான். உயிர்காப்பு அறிவிப்புகளைத் தடை செய்ய இயலாது என்று கைபேசி சொல்லிவிட்டது. கடைசியில் மச்சானிடம் காட்டினான். மச்சான் அவளுடைய அண்ணன், டயர்க்கடை வைத்திருப்பவர், உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் நேரில் போய் நின்றால் தீர்வு கிடைக்கும் என்று நம்புகிறவர்.

“தினமும் காலங்காத்தால இதைப் பாத்துட்டா வேலைக்குப் போற? நேரா ஆபீசுக்குப் போ. ஆள் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. பேரை அடிச்சிடுவாங்க. முடிஞ்சுது கதை.”

அவனுக்கும் வேண்டியது அவ்வளவுதான். கப்பல் வேண்டாம், கரை வேண்டாம். காலை ஆறரைக்கு அந்த ஒரு அதிர்வு நிற்க வேண்டும். ஒரு பெயரை அடிக்க எவ்வளவு நேரமாகும்? அரைநாள் விடுப்புப் போட்டான்.

வாரியம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. கீழே தையல் இயந்திரக் கடை. கடல் அங்கிருந்து ரயிலில் பதினொரு மணி நேரத் தூரம். பன்னிரண்டு பயணிகளுக்கு நாற்பத்தாறு ஊழியர்கள். நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வாரியத்துக்கு இன்றுவரை ஆழம் தெரியாது. ஆகவே காலையும் விட்டதில்லை.

ஜன்னலுக்குப் பின்னால் பிரிவு எழுத்தர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். முகத்தில் கருணை வழிந்தது.

“பேரை எடுக்கணும்,” என்றான்.

“சேக்கறதுன்னா அடுத்த ஜன்னல். எடுக்கறதுக்கு நான்தான். உக்காருங்க. யார் பேரு?”

“என் மனைவி பேரு.”

“காரணம்?”

“இறந்துட்டாங்க.”

எழுத்தர் ஒரு அட்டையை எடுத்து விரலால் மேலிருந்து கீழே ஓட்டினார். “மனமாற்றம் இருக்கு. கடல் பயம் இருக்கு. குடும்பத்துல கல்யாணம் இருக்கு. நீங்க சொல்றது இல்லையே சார்.” மறுபடி கீழிருந்து மேலே ஓட்டினார். “பயணத்துக்கு முன்னாலயா இறந்தாங்க?”

“ஆமா. அஞ்சு மாசம் ஆச்சு.”

“அடடா.” அவர் உண்மையிலேயே வருந்தினார். “பயணத்துக்கு நடுவுல போயிருந்தாங்கன்னா நீல ஃபாரம் இருக்கு சார். அரைமணி நேர வேலை. அலை அடிச்சா ஒண்ணு, பாறையில மோதினா ஒண்ணு, சுறா புடிச்சா ஒண்ணுன்னு தனித்தனியா அச்சடிச்சு அடுக்கி வச்சிருக்கோம். முன்னாலயே போறவங்களை வாரியம் எதிர்பாக்கல.”

“நானும் எதிர்பாக்கல.”

எழுத்தர் அதையும் கோப்பில் எழுதிக்கொண்டார்: ‘இணைப்பயணியும் எதிர்பார்க்கவில்லை.’

பிறகு விதியை விளக்கினார். பெயர் நீக்க மனுவில் பயணிதான் கையெழுத்துப் போட வேண்டும். பயணியால் வர முடியாவிட்டால், ஏன் வர முடியவில்லை என்று பயணியே ஒரு கடிதம் தர வேண்டும். “ஆனா இயக்குநர் மனசு வச்சா ஏதாவது விதிவிலக்கு கிடைக்கும். அவர்கிட்ட போறதுக்கு முன்னால சமநிலைப் பிரிவுல ஆட்சேபணை இல்லைன்னு ஒரு சீட்டு வாங்கிட்டு வந்துடுங்க. அதோ, தண்ணி சத்தம் கேக்குதே, அந்த ரூம்.”

தண்ணீர்ச் சத்தம் ஒரு பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து வந்தது. தொட்டியில் முழநீளத்துக்கு ஒரு மரக்கப்பல் மிதந்தது. இருபுறமும் ஆறாறு பள்ளங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளை எடைக்கல். சமநிலைப் பொறியாளர் முழங்கை வரை ஈரத்தோடு நின்றார்.

“உங்க மனைவியா? வலப்பக்கம், நாலாவது. அம்பத்திரண்டு கிலோ.” இரண்டு விரலால் அந்தக் கல்லை எடுத்தார். மரக்கப்பல் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. “பாத்தீங்களா? அவங்க இல்லைன்னா எல்லாமே ஒரு பக்கமா சாயுது.”

அவன் பார்த்தான். அதை யாரும் தொட்டியில் வைத்து அவனுக்கு நிரூபிக்கத் தேவையிருக்கவில்லை.

“நிஜக் கப்பல் எங்க இருக்கு?” என்று கேட்டான்.

“அது உத்தேசக் கப்பல். இன்னும் வரல.”

“வராத கப்பல் எப்படி சாயும்?”

பொறியாளருக்குக் கோபம் வந்தது. “என்ன சார், படிச்சவரா இருக்கீங்க. வர்றதுக்கு முன்னாலயே சாய விட்டுட்டா, வந்தப்புறம் நான் எதை நிமித்தறது? பதினோரு வருஷமா இந்தக் கப்பலை நேரா வச்சிருக்கேன். காத்து, மழை, மூணு இயக்குநர், எதுக்கும் சாயல.” கொஞ்சம் தணிந்து, “ஒரு வழி இருக்கு. பேர் நீக்கம் முடியற வரைக்கும் அவங்க இடத்துல ஒரு இடைக்கால எடை வச்சுக்கலாம். நீங்கதான் பொறுப்பு. பயிற்சிக்கெல்லாம் தவறாம கூட்டிட்டு வரணும்,” என்றார்.

இடைக்கால எடை என்பது ஒரு மணல் மூட்டை. கோணி நல்ல தடிப்பு. வாயைச் சணலால் தைத்து, ஒரு தகரச் சீட்டுக் கட்டியிருந்தார்கள்: ‘பயணி, வலம் 4, 52 கிலோ.’

“கடல் மணலா?” என்று ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டான்.

“ஆத்து மணல். கடல் மணல் வேணும்னா கடலுக்குப் போகணுமே சார்.”

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது, மரணத்துக்குப் பிறகு அவன் நன்றாகக் கற்றுக்கொண்ட வேலை. ஆஸ்பத்திரியில் போட்டான், மயானத்தில் போட்டான், அவள் அலுவலகத்தில் போட்டான். எந்த இடத்திலும் மறுத்துப் பேசத் தோன்றியதில்லை. தள்ளுவண்டி ஒன்றும் கொடுத்தார்கள். அதில் மூன்று சக்கரம் உருண்டது, ஒன்று அழுதது.

ஞாயிறன்று மச்சான் வீட்டுக்கு வந்தார். கதவருகே வண்டியில் மூட்டை.

“என்ன மாப்ள, வீட்டுல கொத்து வேலையா?”

“இல்ல மச்சான்.”

“பின்ன இது என்ன?”

“உங்க தங்கச்சி.”

மச்சான் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து தகரச் சீட்டைப் படித்தார். நடந்ததை அவன் நாலு வரியில் சொன்னான். மச்சானுக்கு மூக்கு சிவந்தது. எவனை அடிப்பது என்று தெரியாத கோபம். மூட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு தூக்குத் தூக்கி இறக்கினார். டயர் தூக்கிப் பழகிய கை, எடை கண்டுபிடித்துவிடும்.

“அம்பத்திரண்டா? ஏமாத்தறானுங்க. அவ இதவிட கனம்.”

“ஃபாரத்துல அவதான் அப்படி எழுதினா. அம்பத்தெட்டு இருந்தா. ஆறு கிலோ பேனாவாலயே இளைச்சுட்டா.”

முதலில் மச்சான்தான் சிரித்தார். சிரிப்பு அவனுக்கும் தொற்றியது. இருவரும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் நின்றார்கள். பிறகு மச்சான் வண்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார். “வாசல்ல கெடக்க வேணாம்,” என்றார்.

சனிக்கிழமைதோறும் பயிற்சி. மூன்றாம் மாடிக் கூடத்தில் தரையில் சுண்ணாம்பால் கப்பலின் உருவம் வரைந்திருந்தார்கள். கோட்டுக்கு வெளியே கால் வைத்தவர் கடலில் விழுந்தவராகக் கருதப்படுவார். அவரை மீட்க ஒரு மனு எழுத வேண்டும். முதல் வாரமே ஒரு பல் டாக்டர் தும்மும்போது கோட்டைத் தாண்டிவிட்டார். மனு ஏற்கப்படும்வரை ஒன்றேகால் மணி நேரம் சுவரோரம் நின்று தத்தளித்தார்.

இரண்டாம் வாரம் கடல் மயக்கப் பயிற்சி. பயணிகளைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, ஊழியர் ஒருவர் நாற்பது சுற்றுச் சுற்றுவார். அவன் முப்பத்தொன்றாவது சுற்றில் வாந்தியெடுத்தான். அவன் கோப்பில் ‘தகுதி ஐயத்துக்குரியது’ என்று எழுதினார்கள். பிறகு இரண்டு பேர் சேர்ந்து மூட்டையைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள். நாற்பது சுற்று. மூட்டை அசையவில்லை.

“பிரமாதம்,” என்றார் பயிற்சி அதிகாரி. “நாலாம் எண் அம்மாவைப் பாருங்க. கண்ணு ஒரு தடவை கலங்குச்சா?”

எல்லாரும் பார்த்தார்கள். பல் டாக்டர் பெருமூச்சு விட்டு, “சில பேருக்குப் பிறவியிலயே அமைஞ்சுடுது,” என்றார்.

மூன்றாம் வாரம் எதிர்பாராத நிகழ்வுகளுக்கு மனுப் பெறும் நாள். எதிர்பாராத நிகழ்வு எதுவாயினும் நாற்பத்தைந்து நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. திமிங்கிலம், திடீர்ப் புயல், வழி தவறுதல், மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். பல் டாக்டர் திமிங்கிலம் கேட்டார். ஆறாம் நாள் காலை பத்து நாற்பதிலிருந்து பத்து ஐம்பத்தைந்து வரை ஒதுக்கித் தந்தார்கள். திமிங்கிலத்துக்கும் ஒரு நகல் அனுப்பப்படுமா என்று அவன் கேட்டான். அதிகாரி யோசித்துவிட்டு, “நல்ல யோசனை,” என்று குறித்துக்கொண்டார்.

அதைத் தொடர்ந்து வியப்புப் பயிற்சி. அதிகாரி ஒரு திமிங்கிலப் படத்தைத் தூக்கிக் காட்டுவார். பயணிகள் மூன்று விநாடி “ஆ!” என்று சொல்ல வேண்டும். இரண்டு விநாடி வியந்தால் அலட்சியம். நாலு விநாடி வியந்தால் பீதி. பத்துப் பேர் சரியாக வியந்தார்கள். அவனால் முடியவில்லை. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. “என்ன சார், உங்களுக்கு எதுவுமே அதிசயமா இல்லையா?” என்று அதிகாரி கடிந்துகொண்டார். மூட்டையும் வாய் திறக்கவில்லை. அதன் பெயருக்கு நேரே அவர் எழுதினார்: ‘உள்ளூர வியக்கிறார்.’

வாரங்கள் போயின. மூட்டைக்கு மருத்துவத் தகுதிச் சான்று கிடைத்தது. இரத்த அழுத்தம் இல்லை என்று டாக்டர் எழுதியிருந்தார். உயிர்காப்பு அங்கி அளவெடுத்தார்கள். இடுப்புப் பட்டை போட இடுப்பு எங்கே என்று ஒரு சிறு குழு ஆராய்ந்தது. கூட்டத்தில் நாற்காலி குறைந்தால் பல் டாக்டர் எழுந்து மூட்டைக்கு இடம் கொடுத்தார். அவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுத்தரின் ஜன்னலுக்குப் போய், “பேர் நீக்கம் என்னாச்சு?” என்று கேட்டான். “நகர்ந்துட்டிருக்கு சார்,” என்றார் அவர். கோப்பு எந்தத் திசையில் நகர்கிறது என்று சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் ஆறரைக்குக் கைபேசி அதிர்ந்தது. 240. 255. 270.

எண் 271 ஆன அன்று வாரியத்தின் ஆண்டு விழா. மச்சானும் வந்தார். “இன்னிக்கு அந்த இயக்குநரை நேர்ல புடிச்சு ஒரு வார்த்தை கேக்காம விடறதில்ல,” என்று டயர்க்கடையைப் பூட்டிவிட்டே வந்திருந்தார்.

இயக்குநர் மேடையேறினார். கழுத்தில் ஒரு தொலைநோக்கி. அதன் இரண்டு கண்ணிலும் மூடி கழற்றப்படவே இல்லை என்பதைக் கண்ணாடிக் கடைக்காரன் என்ற முறையில் அவன் கவனித்தான்.

“பதினோரு வருஷம்!” என்று ஆரம்பித்தார். “ஒரு விபத்து உண்டா? ஒரு பயணி தொலைஞ்சதுண்டா? ஒரு சொட்டு எண்ணெய் கடல்ல சிந்தினதுண்டா? பக்கத்து வாரியத்தைப் பாருங்க. அவசரப்பட்டு ஒரு கப்பலை விட்டாங்க. என்னாச்சு? போச்சு, வந்துச்சு. பயணிங்க இறங்கி அவங்கவங்க வீட்டைப் பாத்துப் போயிட்டாங்க. இன்னிக்கு அங்க நாப்பது பேர் ஈ ஓட்டிட்டு இருக்காங்க. பயணம் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுதுங்க. முடியாத பயணம்தான் பெரும் பயணம்!”

கைதட்டல். நாற்பத்தாறு பேரும் தட்டினார்கள்.

“சில பேர் கேக்கறாங்க, ஐயா நீங்க கடலைப் பாத்திருக்கீங்களான்னு. இல்ல. பெருமையாவே சொல்றேன், பாத்ததில்ல. பாத்தவன் அந்த அழகுல மயங்கிடுவான். மயங்கினவன் கையெழுத்துப் போட்டுடுவான். மயங்காத ஒருத்தன் வேணும்னுதான் என்னை இங்க உக்கார வச்சிருக்காங்க. அலை எப்ப ஓயறது, தலை எப்ப முழுகறதுன்னு கிண்டல் பண்றாங்க. நான் சொல்றேன், ஓயட்டுமே! என்ன அவசரம்? தலை எங்க போயிடப் போகுது?”

மச்சான் அவன் காதருகே குனிந்தார். “இந்த ஆளை ஒரு நாள் என் கடையில உக்கார வச்சா, காத்தடிக்க கம்ப்ரஸரே வேணாம் மாப்ள.”

அடுத்து, ஆண்டின் சிறந்த பயணி விருது. இயக்குநர் தாளைப் பார்த்து வாசித்தார்: “வருகை நூத்துக்கு நூறு. ஒரு கேள்வி கேட்டதில்ல. ஒரு புகார் சொன்னதில்ல. பயணத் தேதியைப் பதினாலாவது தடவை தள்ளி வச்சப்பவும் முகம் சுளிச்சதில்ல. நம்ம வாரியம் எப்படிப்பட்ட பயணிக்காக உருவாச்சோ, அப்படிப்பட்ட பயணி. வலம் நாலு!”

கூட்டம் எழுந்து நின்றது. அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடைக்குப் போனான். சக்கரம் அழுதது. பதக்கத்தை மூட்டையின் கழுத்தென்று கருதத்தக்க இடத்தில் மாட்டினார்கள். புகைப்படக்காரர் இன்னும் கொஞ்சம் நெருங்கச் சொன்னார். இயக்குநர் மூட்டையின் தோள்மேல் கைபோட்டுக்கொண்டார்.

அந்த நேரத்தில், கூட்டம் முழுக்கக் கேட்க, அவன் சொன்னான்: “ஐயா, இவங்க பேரை எடுக்கணும்.”

“எங்க சிறந்த பயணியையா?”

“அவங்க இறந்துட்டாங்க.”

இயக்குநர் கையை எடுத்துவிட்டு மூட்டையை உற்றுப் பார்த்தார். “எப்ப?”

“ஏழு மாசமாச்சு.”

“ஏழு மாசமாவா இவ்வளவு ஒழுங்கா வந்துட்டிருக்காங்க!” அவருக்குக் குரல் தழுதழுத்தது. “இருக்கிறவங்களே வர மாட்டேங்கறாங்க.” கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். மேடையிலேயே ஆணை பிறப்பித்தார். கையெழுத்து வேண்டாம், கடிதம் வேண்டாம், கப்பல் சாய்ந்தால் தாமே பொறுப்பு. பயணியின் விடைபெறும் கூற்று ஒன்று மட்டும் போதும். அதாவது, அந்த அம்மா கடைசியாகச் சொன்ன வாக்கியம். கணவன் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அந்த நிமிஷமே பெயர் நீங்கும். கூற்று ஆண்டுமலரின் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி வரும்.

“பயணத்தைப் பத்தினதா இருக்கணும். வாரியத்தோட கௌரவத்துக்குத் தக்கதா இருக்கணும். நானே ஒரு மாதிரி சொல்லித் தர்றேன்,” என்று போகிற போக்கில் சொல்லியும் தந்தார்.

தட்டச்சு அறை கூடத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரே மேஜை, ஒரே ஜன்னல், தலைக்குமேல் கிறுகிறுக்கும் மின்விசிறி. தட்டச்சர் அம்மா தாளை முன்பே அடித்து வைத்திருந்தார். அவர் தாளைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படிப்பதைப் பார்த்து, “உங்களுக்குப் பவர் மாறியிருக்கு. ஒரு நாள் கடைக்கு வாங்க,” என்றான் அவன்.

“வரணும் சார். நானும் இதோட ரெண்டு வருஷமா மல்லுக்கட்டறேன்,” என்று சொல்லிவிட்டு அவர் வாசித்தார்: “‘என் உடல் கரையில் நின்றாலும் என் உள்ளம் வாரியத்தின் கப்பலிலேயே செல்லும். தேதி தள்ளிப்போவது குறித்து யாரும் கலங்க வேண்டாம். பயணம் தொடரட்டும்.’ கீழ ஒரு கையெழுத்து சார். போட்டுட்டீங்கன்னா கம்ப்யூட்டர்ல இப்பவே எடுத்துடுவேன். நாளைக்குக் காலையிலேர்ந்து மெசேஜ் வராது.”

அவன் பேனாவை வாங்கினான். கையெழுத்துக்கான கோட்டின்மேல் முனையை வைத்தான். அங்கேயே ஒரு மைப்பொட்டு விழுந்து பரவியது.

“போடு மாப்ள,” என்றார் பின்னால் நின்ற மச்சான். “என்ன எழுதியிருந்தா நமக்கென்ன? பீடை ஒழியட்டும்.”

“அவ இப்படிச் சொல்லல.”

“தெரியுதுப்பா. இதை எவ சொல்லுவா? போட்டுட்டு வா, போலாம்.”

“அவ இப்படிச் சொல்லல மச்சான்.” அவன் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தான். ஏழு மாதத்தில் முதல்முறையாக, காட்டிய இடத்தில் அவன் கையெழுத்துப் போடவில்லை.

தட்டச்சர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “பின்ன என்ன சார் சொன்னாங்க?”

மச்சானும் அவனைப் பார்த்தார். அவள் போன அன்று அவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இத்தனை நாளில் அதை அவர் கேட்டதில்லை. கேட்டால் இவன் உடைந்துவிடுவான் என்று அவர் பயந்திருக்கலாம். தாம் உடைந்துவிடுவோம் என்றும் பயந்திருக்கலாம்.

“கப்பலைப் பத்தி எதுவும் சொல்லல,” என்றான் அவன்.

“அப்ப திருப்பி அனுப்பிடுவாங்க சார்.” தட்டச்சர் அம்மா குரலைத் தாழ்த்தினார். “எனக்கு இங்க பத்து வருஷ சர்வீஸ். சொன்னாக் கேளுங்க. சம்பந்தம் இல்லாத கூற்றுன்னு ஒரு முத்திரை வச்சிருக்காங்க. மறுபடி முதல் ஜன்னல்லேர்ந்து வரணும். மூட்டையையும் இழுத்துட்டு வரணும். மெசேஜும் நிக்காது.”

“வரட்டும்.”

“யோசிச்சுக்குங்க சார். ஒரு கையெழுத்துதானே.”

“வேற தாள் போடுங்கம்மா.”

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் சுவரோரம் கிடந்த முக்காலியை இழுத்து, மூட்டைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “போடுங்கம்மா. அவர் சொல்றதையே அடிங்க,” என்றார்.

தட்டச்சர் அம்மா பழைய தாளை உருவி மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். புதுத் தாளைச் செருகி உருளையைத் திருகினார். இடம் கேட்டார். ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில் என்றான். நேரம் கேட்டார். மாலை நாலு பத்து. அருகில் இருந்தவர்?

“நான் மட்டும்தான். கையைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன்.”

அதையும் அடித்தார். பிறகு விரல்களை விசைகளின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“ஒரு எழுத்து மாத்தாம அடிங்க,” என்றுவிட்டு, கடையில் ‘இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?’ என்று கேட்கிற அதே குரலில் அவன் சொன்னான்:

“‘கையைப் புடிக்கறியா, பிறாண்டறியா? மொதல்ல போய் நகத்தை வெட்டிட்டு வா.’”